வீட்லயும் இங்கிலீஷ்லதான் பேசணுமா? குடியாத்தம் பக்கத்து அம்மாவுக்கு ஒரு குழந்தை மனநல ஆலோசகரோட பதில்

குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. ஊர், ஸ்கூல், பேர் எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சுருக்கி சொல்றேன்.

பொண்ணுக்கு ஏழு வயசு, ரெண்டாம் கிளாஸ், எல்கேஜில இருந்தே தனியார் இங்கிலீஷ் மீடியம். போன வருஷம் வரைக்கும் வாய் ஓயாம பேசுற பொண்ணு. இந்த வருஷம் கிளாஸ்ல தமிழ்ல பேசினா அஞ்சு ரூபா ஃபைன், அதோட கழுத்துல ஒரு அட்டை மாட்டிடுறாங்க, அடுத்து யாராவது தமிழ் பேசி மாட்டுற வரைக்கும் அதை கழட்டக்கூடாதாம். டைரிலயும் வீட்ல இங்கிலீஷ்லயே பேசுங்கன்னு எழுதி அனுப்பிட்டாங்க. அம்மா தமிழ் மீடியத்துல படிச்சு பி.காம் முடிச்சவங்க, தெரிஞ்ச இங்கிலீஷை வெச்சு நாலு மாசமா வீட்ல அப்படியே பேசிட்டு வர்றாங்க. இப்ப பொண்ணு ஸ்கூல்ல வாயே திறக்கிறதில்லை, வீட்லயும் பேச்சு குறைஞ்சுபோச்சு. போன வாரம் அப்பாவைப் பெத்த ஆயா கதை சொல்ல வந்தப்ப "தமிழ் பேசாத, அது பேட்"னு சொல்லியிருக்கு, மாமியார் அன்னைக்கு சாப்பிடவே இல்லையாம். வீட்டுக்காரர் ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில சூப்பர்வைசர், வெளிநாட்டு பையர்கிட்ட போன்ல பேச வரலன்னு ப்ரமோஷன் கைவிட்டுப் போனவரு, அதனால "என் நிலைமை அவளுக்கு வரக்கூடாது"ன்னு பிடிவாதமா நிக்கிறாரு. அமெரிக்காவுல இருக்கிற நாத்தனார் பையன் வீடியோ கால்ல வெளுத்துக் கட்டுறதை வேற காட்டிக் காட்டி பேசுறாராம். அந்த அம்மா கேக்கறது: குழந்தைக்கு ஏதாவது பிரச்சினையா, வீட்ல இங்கிலீஷ் தொடரணுமா, ஸ்கூல்மேல புகார் குடுக்கலாமா, கவர்மெண்ட் தமிழ் மீடியத்துக்கு மாத்திடலாமா?

தங்கச்சி, முதல்ல குழந்தையோட உடம்பு விஷயத்தை முடிச்சிடுவோம், மத்ததெல்லாம் அப்புறம்.

டாக்டர்கிட்ட காட்டணுமா?

பேச்சு குறைஞ்சா முதல்ல காது. அடிக்கடி சளி பிடிக்கிற குழந்தைன்னு எழுதியிருக்கீங்க, நடுக்காதுல நீர் கோத்துக்கிட்டா கேக்கறது மந்தமாயிடும், கிளாஸ் சத்தத்துல டீச்சர் சொல்றது புரியாது, புரியலன்னா எந்தக் குழந்தையும் வாயை மூடிக்கும். அடுக்கம்பாறை கவர்மெண்ட் ஆஸ்பத்திரில காது மூக்கு தொண்டை பிரிவுல ஒரு காது டெஸ்ட் எடுத்துடுங்க. எனக்கு என்னமோ காதுல ஒண்ணும் இருக்காதுன்னுதான் தோணுது, ஆனா பார்க்காம விடக்கூடாது.

அடுத்து, வீட்ல சகஜமா பேசுற குழந்தை ஸ்கூல் மாதிரி ஒரு இடத்துல மட்டும் ஒரு மாசத்துக்கு மேல சுத்தமா பேசாம இருந்தா அதை நாங்க செலக்டிவ் மியூட்டிசம்னு சொல்வோம். அது பயத்தால வர்றது, அடமோ திமிரோ கிடையாது, மிரட்டினா இன்னும் இறுகிப்போகும். உங்க பொண்ணுக்கு அதுதான்னு கடிதத்தை வெச்சு நான் சொல்ல மாட்டேன், ஒரு வார்த்தை பேசினாலே கழுத்துல அட்டை விழும்னா நான்கூட பேச மாட்டேன். அந்த பயத்துக்கு காரணத்தை எடுத்துட்டு ரெண்டு மாசம் பார்ப்போம். அப்பவும் ஸ்கூல்ல பேச்சே இல்லன்னா பாகாயத்துல சிஎம்சி மனநல மையத்துல குழந்தைகளுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு, அங்க கூட்டிட்டுப் போங்க.

"ரெண்டு பாஷை சேர்ந்து மூளை குழம்பிடுச்சோ"ன்னு கேட்டிருக்கீங்க. இல்ல. ரெண்டு பாஷை கேட்டு வளர்றதால பேச்சு தாமதமோ குழப்பமோ வராது, ரெண்டையும் கலந்து பேசுறதும் சாதாரணம்தான். இதுக்கு ஆராய்ச்சியெல்லாம்கூட வேணாம், நம்ம வட ஆற்காடு பக்கம் திரும்பிப் பார்த்தாலே போதும். உங்க ஊர்லயே வீட்ல தெலுங்கு தெருவுல தமிழ்னு எத்தனை குடும்பம்? பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வீட்ல உருது, கடையில தமிழ். யாருக்கும் மூளை குழம்பல. வேலூர்ல சிஎம்சிய சுத்தி இருக்கிற லாட்ஜ், மெஸ், மருந்துக்கடைல வேலை செய்ற பசங்க வங்காளத்துல இருந்து வர்ற நோயாளிகளுக்காக பெங்காலி கத்துக்கிட்டு ரூம் வாடகை பேசி முடிக்கிறாங்க, அவங்களுக்கு யாரும் ஃபைன் போடல.

வீட்ல எந்த பாஷை?

தமிழ். முழுசா தமிழ், இன்னைக்கு சாயங்காலத்துல இருந்தே.

நீங்க எழுதினதுலயே ஒரு இடம் என்னை நிறுத்திடுச்சு. நாலு மாசமா நீங்க அவகிட்ட பேசுற இங்கிலீஷ் என்னன்னு நீங்களே வரிசையா எழுதியிருக்கீங்க: கம், ஈட், சிட், டோன்ட் டச், கோ வாஷ், குட் கேர்ள், ஸ்லீப். எல்லாமே ஏவுறது. இதுக்கு முன்னாடி அவ உங்ககிட்ட "பஸ்ல போறப்ப நிலா ஏம்மா கூடவே வருது"ன்னு கேட்டதையும், நீங்க ஏதோ பதில் சொன்னதையும், அதுக்கு அவ ஒத்துக்காம இன்னொரு கேள்வி கேட்டதையும் அதே கடிதத்துல எழுதியிருக்கீங்க. அந்த மாதிரி பேச்சு இப்ப உங்க வீட்ல இல்ல. குழந்தைக்கு இங்கிலீஷ் கூடல, அம்மாகூட பேசுற பேச்சுதான் போச்சு. ஸ்கூல்ல அந்த டைரிய எழுதினவங்க இதை யோசிச்சிருக்க மாட்டாங்க.

கனடாவுல ஜிம் கம்மின்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், புலம்பெயர்ந்து வந்த பிள்ளைங்களை வெச்சு நிறைய வேலை செஞ்சவரு. புது பாஷைல சாதாரணமா பேசிப் பழக ரெண்டு வருஷம் மாதிரி ஆகும், ஆனா அதே பாஷைல பாடத்தைப் புரிஞ்சு யோசிச்சு எழுதுற அளவுக்கு வர அஞ்சு முதல் ஏழு வருஷம்கூட ஆகலாம்னு அவரு சொன்னாரு. அதுவும் சுத்தி இங்கிலீஷ் பேசுற நாட்டுல. கூடவே இன்னொண்ணும் சொன்னாரு, வீட்டு பாஷைல காரணம் சொல்லவும் கதை சொல்லவும் ஒப்பிட்டுப் பார்க்கவும் பழகின குழந்தை அந்தத் திறமையை அடுத்த பாஷைக்கும் எடுத்துட்டுப் போகும். ஆவி எப்படி மேகமாகுதுன்னு தமிழ்ல புரிஞ்சவளுக்கு இங்கிலீஷ்ல புதுசா வேண்டியது நாலஞ்சு சொல்தான், புரியாதவளுக்கு சொல்லும் வேணும் விஷயமும் வேணும்.

அப்ப இங்கிலீஷே வேணாமான்னு வீட்டுக்காரர் கேப்பாரு. வேணும், ஆனா நல்ல இங்கிலீஷா வரட்டும். தினமும் அரை மணி நேரம் படப் புஸ்தகம், ஸ்டோரிவீவர்னு பிரதம் புக்ஸ் நடத்துற தளத்துல ஒரே கதை தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இலவசமா கிடைக்குது, ரெண்டையும் படிங்க, படத்தைப் பார்த்து தமிழ்ல சண்டை போடுங்க. ஹோம்வொர்க் இங்கிலீஷ்ல இருக்கட்டும், விளக்கம் தமிழ்ல சொல்லுங்க, முக்கியமா கணக்கை. ஆயா சொன்ன கதையை ராத்திரி அப்பாகிட்ட தெரிஞ்ச இங்கிலீஷ்ல அவ சொல்லட்டும், நடுவுல தமிழ் வந்தா வரட்டும், திருத்தாதீங்க. அவ தப்பா சொன்னதை நீங்க பேச்சோட பேச்சா சரியா திருப்பி சொன்னா போதும். ஏழு வயசு தாண்டினா இங்கிலீஷ் ஒட்டாதுன்னு யாரோ சொன்னதா எழுதியிருக்கீங்க, உச்சரிப்புல சின்ன வயசுல ஆரம்பிச்சா லாபம் இருக்கு, மத்தபடி வகுப்புல உக்காந்து படிக்கிற பாஷையை கொஞ்சம் பெரிய பிள்ளைங்கதான் வேகமா பிடிச்சுக்கிறாங்க. கதவு ஒண்ணும் சாத்திடாது.

ஆயாகிட்ட "பேட்"னு சொன்னதுக்கு குழந்தையை திட்டாதீங்க, ஸ்கூல்ல கத்துக்குடுத்ததைத்தான் அது வீட்ல ஒப்பிச்சிருக்கு. மாமியாருக்கு இதை நீங்களே உக்காந்து சொல்லிடுங்க, கதை நேரத்தை அவங்ககிட்டயே திருப்பிக் குடுங்க.

வீட்டுக்காரருக்கு நாலு வார்த்தை

இந்தப் பகுதியை அவரையே படிக்கச் சொல்லுங்க. அண்ணே, உங்க பயம் நியாயமானது, ஆனா அது உங்ககிட்ட ஆரம்பிக்கல. நம்ம வேலூர் கோட்டைல 1806 ஜூலை 10-ந்தேதி சிப்பாய்ங்க கலகத்துல எழுந்தாங்களே, புதுத் தலைப்பாகை, நெத்தில குறி கூடாதுன்னு வந்த உத்தரவுங்களால, அப்ப மெட்ராஸ் கவர்னரா இருந்தவரு வில்லியம் பெண்டிங்க். அந்த விவகாரத்துல லண்டன்ல இருந்து அவரை திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. அதே மனுஷன்தான் பின்னாடி கவர்னர் ஜெனரலா வந்து, இங்கிலீஷ் கல்விதான் வேணும்னு மெக்காலே குறிப்பு எழுதின 1835-ல, கிழக்கிந்தியக் கம்பெனியோட படிப்புப் பணம் இங்கிலீஷ் கல்விக்குத்தான்னு கையெழுத்து போட்டவரு. தலைப்பாகைக்கு துப்பாக்கி தூக்கின ஜனம் இதுக்கு தூக்கல, ஏன்னா இதுல சோறு இருந்துச்சு. 1844-ல ஹார்டிஞ்ச் கவர்னர் ஜெனரலா இருந்தப்ப, இங்கிலீஷ் படிச்சவங்களுக்கு கவர்மெண்ட் வேலைல முன்னுரிமைன்னே உத்தரவு வந்துச்சு. அன்னைல இருந்து அப்பன்மார் எல்லாருக்கும் உங்க பயம்தான். பிரிட்டிஷ்காரன் போனதும் அமெரிக்காக்காரன் கம்பெனி, சினிமா, கம்ப்யூட்டர்னு அதே பாஷையோட வந்தான், அதான் இன்னைக்கு உலகம் முழுக்க ஏறக்குறைய 150 கோடி பேர் இங்கிலீஷை ஏதோ ஒரு அளவுக்கு பேசுறாங்க. அது படையும் வியாபாரமும் போன பாதைல போய் பரவுன பாஷை. மத்த பாஷையை விட அறிவு ஜாஸ்தின்னு பரவல.

அந்த 150 கோடில தாய்மொழியா பேசுறவங்க 40 கோடி பேர் மாதிரிதான், மிச்சம் எல்லாரும் உங்களை மாதிரி என்னை மாதிரி அப்புறமா கத்துக்கிட்டவங்க. 2011 சென்சஸ்ல இந்தியாவுல இங்கிலீஷ்தான் தாய்மொழின்னு சொன்னவங்க மூணு லட்சம் பேர்கூட இல்ல. ஆம்பூர் ஷூ எங்க போகுது? ஜெர்மனி, இத்தாலின்னு போகுதில்ல? அந்த பையர் வீட்ல ஜெர்மன்தான் பேசுறான், இத்தாலியன்தான் பேசுறான். அவன் கணக்கும் சயின்ஸும் அவன் பாஷைலயே படிச்சான், இங்கிலீஷை ஒரு பாடமா கத்துக்கிட்டு வந்து உங்ககிட்ட ஆர்டர் பேசுறான். அவன் புள்ளைக்கு யாரும் ஜெர்மன் பேசினதுக்கு அட்டை மாட்டல.

ஆனா அட்டை மாட்டின ஒரு நாடு உண்டு, அது பிரிட்டனுக்குள்ளயே. பத்தொன்பதாம் நூற்றாண்டுல வேல்ஸ்ல ஸ்கூல்ல வெல்ஷ் பேசின பையன் கழுத்துல மரத்துண்டு ஒண்ணு மாட்டுவாங்க, வெல்ஷ் நாட்னு அதுக்குப் பேரு, அடுத்து பேசினவன் கழுத்துக்கு அது மாறும், சாயங்காலம் யாரு கழுத்துல இருக்கோ அவனுக்கு அடி. உங்க பொண்ணு ஸ்கூல்ல நடக்கிறது நூல் பிசகாம அதேதான், எங்க இருந்து வந்துச்சுன்னு செய்றவங்களுக்கே தெரியாது. இன்னைக்கு அதே வேல்ஸ்ல பதினாறு வயசு வரைக்கும் வெல்ஷ் கட்டாயப் பாடம்.

அமெரிக்கா பையனைப் பார்த்து ஏங்காதீங்க. அவன் தெரு இங்கிலீஷ், ஸ்கூல் இங்கிலீஷ், ஃப்ரெண்ட்ஸ் இங்கிலீஷ், அவன் பேசாம என்ன பண்ணுவான். அந்தப் பக்கம் இருக்கிற அம்மா அப்பாக்கள் என்கிட்ட ஆன்லைன்ல வந்து கேக்கறது தலைகீழ், புள்ளைக்கு தமிழ் வரல, தாத்தாகூட பேச முடியலன்னு. உங்க ப்ரமோஷன் விஷயத்துக்கு வர்றேன், உங்களுக்கு அப்பர், லைனிங், லாஸ்ட், சோல் எல்லாம் தெரியும், தொழில் வார்த்தை பூரா உங்க கைல இருக்கு, இல்லாதது வாயைத் திறந்து பேசிப் பழகின பழக்கம். அது முப்பத்தஞ்சு வயசுலயும் வரும், தினம் ஒரு மணி நேரம் யார்கூடயாவது பேசினா ஒரு வருஷத்துல போன் எடுக்க பயம் போயிடும். இங்கிலீஷ் பேசிப் பழகுற கோர்ஸுக்கு நீங்க போங்க. உங்க கடனை ஏழு வயசுப் பொண்ணு நாக்குல வசூல் பண்ணாதீங்க.

ஃபைன், அட்டை: சட்டம் என்ன சொல்லுது

நான் வக்கீல் இல்ல, ஆனா இந்த வேலைல இருக்கிறதால இது தெரியும். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவு, குழந்தையை அடிக்கவும் கூடாது, மனசு நோக துன்புறுத்தவும் கூடாது. கழுத்துல அட்டை மாட்டி அவமானப்படுத்துறது அதுல வரும்னு தாராளமா சொல்லலாம். அதே சட்டத்துல 29-வது பிரிவு, முடிஞ்ச வரைக்கும் தாய்மொழில சொல்லிக்குடுக்கணும், பயமில்லாம படிக்க விடணும்னு சொல்லுது. ஒரு விஷயம் கவனிங்க, 2014-ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி இந்தச் சட்டம் சிறுபான்மையினர் நடத்துற மைனாரிட்டி ஸ்கூலுக்குப் பொருந்தாது, நம்ம மாவட்டத்துல அப்படிப்பட்ட ஸ்கூல் நிறைய, உங்க ஸ்கூல் எந்த வகைன்னு முதல்ல கேட்டுக்கோங்க. அப்படியே இருந்தாலும் மாநில குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதலாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு கூப்பிடலாம்.

"தமிழை ஸ்கூல் தடை பண்ண முடியுமா"ன்னு கேட்டிருக்கீங்க. 2006-ல வந்த தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம், பின்னாடி சிபிஎஸ்இ ஸ்கூலுக்கும் அதை நீட்டிட்டாங்க. அப்ப ஒரு பீரியட்ல பாடமா நடத்துற தமிழுக்கு அடுத்த பீரியட்ல ஃபைன் போடுறாங்க, கேட்டா பதில் இருக்காது. அதுக்காக இங்கிலீஷ் மீடியமே தப்புன்னு சொல்ல வரல, பயிற்று மொழி எதுன்னு முடிவு பண்றது பெத்தவங்க உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் 2014-ல கர்நாடகா வழக்குல சொல்லிடுச்சு. நீங்க இங்கிலீஷ் மீடியத்துல போட்டது உங்க உரிமை, அவங்க அட்டை மாட்டுறது அவங்க உரிமை இல்ல. ரெண்டும் வேற வேற.

எடுத்ததும் புகாருக்கு ஓடாதீங்க. குழந்தை அங்கதான் நாளைக்கும் போகணும். முதல்ல கிளாஸ் டீச்சர், அப்புறம் பிரின்சிபால், நீங்களும் வீட்டுக்காரரும் சேர்ந்து போய் தமிழ்லயே பேசுங்க. மீட்டிங்ல டீச்சர் இங்கிலீஷ்ல பேச பேச புரியாம தலையாட்டிட்டு வந்தேன்னு எழுதியிருந்தீங்களே, இந்த தடவை "தமிழ்ல சொல்லுங்க மேடம்"னு கேளுங்க, ஃபீஸ் கட்டுறது நீங்க. அப்புறம் எழுத்துல ஒரு கடிதம்: இந்த தேதில இருந்து குழந்தை கழுத்துல அட்டை மாட்டுறாங்க, ஃபைன் வாங்குறாங்க, குழந்தை பேசுறதை நிறுத்திடுச்சு, ரெண்டையும் நிறுத்தணும், பதிலை எழுத்துல குடுங்க. நகல்ல சீல் வாங்கிக்கோங்க. ரெண்டு வாரத்துல ஒண்ணும் நடக்கலன்னா வேலூர்ல தனியார் பள்ளிகளைப் பார்க்கிற மாவட்டக் கல்வி அலுவலர்கிட்ட அந்த நகலோட போங்க, கல்வித்துறை உதவி எண் 14417-லயும் சொல்லலாம்.

ஸ்கூல் மாத்துறது

கோபத்துல மாத்தாதீங்க. உங்க தம்பி "இப்பவே தமிழ் மீடியத்துக்கு மாத்துக்கா, கவர்மெண்ட் வேலைல 20 சதவீதம் ஒதுக்கீடு கிடைக்கும்"னு சொன்னதா எழுதியிருக்கீங்க. அது பாதி சரி. தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை 2010 சட்டத்துல இருக்கு, ஆனா 2020 திருத்தத்துக்கு அப்புறம் ஒண்ணாம் கிளாஸ்ல இருந்தே தமிழ் வழியா இருக்கணும். உங்க பொண்ணு ஒண்ணாவதை இங்கிலீஷ் மீடியத்துல முடிச்சாச்சு, அதனால அந்தக் கணக்கை இதுல போடாதீங்க. மெடிக்கல் சீட்ல 7.5 சதவீதம், காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபா புதுமைப்பெண் திட்டம், இதுக்கெல்லாம் கவர்மெண்ட் ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரை படிச்சிருந்தா தகுதி உண்டு, அங்க எந்த மீடியமா இருந்தாலும் சரி. அதை யோசிக்க இன்னும் நாலு வருஷம் டைம் இருக்கு. கவர்மெண்ட் ஸ்கூல்லயே இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷனும் நிறைய இடத்துல இருக்கு, அதையும் போய் பாருங்க.

மாத்தலாமா வேணாமான்னு முடிவு பண்ண நான் ஒண்ணே ஒண்ணைத்தான் பார்ப்பேன்: நீங்க கடிதம் குடுத்ததுக்கு ஸ்கூல் எப்படி நடந்துக்குது. அட்டையை எடுத்துட்டு டீச்சர் குழந்தைகிட்ட ரெண்டு வார்த்தை கனிவா பேசினா அங்கயே இருக்கலாம், ஃப்ரெண்ட்ஸ் அங்க இருக்காங்க. உங்களையே மட்டம் தட்டி அனுப்பினா இந்த வருஷம் முடியட்டும்னுகூட காத்திருக்க வேணாம். போற ஸ்கூல் தனியாரோ கவர்மெண்டோ, ஒண்ணாம் ரெண்டாம் கிளாஸ் நடக்கிறதை அரை மணி நேரம் வெளில நின்னு கேளுங்க, குழந்தைங்க கேள்வி கேக்குற சத்தம் வருதா, இல்ல டீச்சர் சொல்றதை எல்லாரும் சேர்ந்து ஒப்பிக்கிற சத்தம் மட்டும்தானா. போர்டுல எந்த மீடியம்னு எழுதியிருக்குங்கிறதை விட இதுதான் எனக்கு முக்கியம்.

இந்த வாரமே காது டெஸ்டுக்கு போயிட்டு வந்துடுங்க. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க, அதுல ஏதாவது இருந்தா முதல்ல அந்த வைத்தியம், ஸ்கூல் கடிதமெல்லாம் அதுக்கு அப்புறம்.